சந்தன நிறச் சோபாவில் தரணிதரன்

எங்கள் ஊரில் ஒருவர் அடுத்தவர் வீட்டில் எதையாவது குடிக்கும்போது சிந்திவிட்டால், அந்தக் கறை போகும் வரை அவர் அந்த வீட்டை விட்டுப் போக முடியாது. கதவு திறந்துதான் இருக்கும். யாரும் தடுப்பதில்லை. செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளலாம். படியிறங்கி கேட் வரைக்கும் போய், எதையோ மறந்துவிட்டவர்போலத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.

அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் வெளியே போனால் பார்த்துக் குடிப்பார்கள். மோர் என்றால் பயமில்லை, ஒரு மத்தியானத்தோடு விட்டுவிடும். டீ கொஞ்சம் இழுக்கும். மாதுளம்பழ ஜூஸ் கொடுக்கிற வீட்டுக்கு யாரும் போவதே இல்லை. எதிர்வீட்டு ஜமுக்காளத்தில் கலர் சோடாவைக் கொட்டியவர் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இப்போது அவர்கள் குடும்ப போட்டோவில் இரண்டாவது வரிசையில் நிற்கிறார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதெல்லாம் கறை விழாத வீடுகளுக்குச் சொன்னது.

எல்லோரையும்விட உஷாரானவர்கள் பெண் பார்க்க வருகிறவர்கள். டபராவை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்துமுடித்து, "ஊட்டுக்குப் போயி கலந்து பேசீட்டுத் தகவல் சொல்றமுங்க" என்று எழுந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் இருந்துகொண்டு பதில் சொல்வது வழக்கமில்லை. பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள். தகவல் வரவில்லை என்றால் அதுதான் தகவல்.

என் பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தொன்று. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். அப்படி வராத தகவல்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன.

பெண் பார்க்க வருகிறவர்களுக்காகவே அப்பா ஒரு சோபா வாங்கியிருந்தார். சந்தன நிறம். அதில் உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்டவரும் நல்லவராகத் தெரிவார் என்று கடைக்காரர் சொன்னாராம். மற்ற நாட்களில் அதன்மேல் பிளாஸ்டிக் உறை கிடக்கும். யாராவது என்னைப் பார்க்க வரும் நாளில் மட்டும் அப்பா அதைக் கழற்றி மடித்து பீரோமேல் வைப்பார். ஜன்னல் பக்கத்துக் கால் ஒன்று கொஞ்சம் கட்டை. அடியில் அட்டை வைத்தும் சோபா அந்தப் பக்கமாகத்தான் சாயும். இதுவரை வந்த எந்த மாப்பிள்ளையும் அதைக் கவனித்ததில்லை.

தரணிதரன் உட்கார்ந்ததுமே கவனித்தார். "ஜன்னல் பக்கம் எறங்குதுங்க," என்றார். அவர் பைபாஸ் ரோட்டில் லாரி எடைமேடை வைத்திருந்தார். மேடு பள்ளம் பார்ப்பது அவருடைய தொழில். கூட அவருடைய அம்மாவும் தாய்மாமன் நாச்சிமுத்துவும் வந்திருந்தார்கள்.

நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய அம்மா, "பொண்ணு பாடுமுங்களா?" என்று கேட்டார்.

"பாடுவனுங்க," என்றேன். "மொதல்ல நீங்க தகவல் சொல்லுங்க. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க. சொன்னா அந்த சந்தோசத்துல பாடிருவன்."

என் அம்மா முதுகில் கிள்ளினார். தரணிதரன் சிரித்துவிட்டார். வாயில் காபி இருக்கும்போது சிரித்தார். டம்ளர் ஆடியது. சந்தன நிறத்தில் உள்ளங்கையகலத்துக்கு ஒரு கறை விழுந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தோம்.

"சர்க்கரை போட்ட காப்பிங்களா?" என்று அவர் கேட்டார்.

"ரெண்டு ஸ்பூன் போட்டுட்டனுங்க தம்பி," என்று அம்மா வருத்தத்தோடு சொன்னார். சர்க்கரை இருந்தால் கறை லேசில் விடாது.

தரணிதரன் கைக்கடிகாரத்தைக் கழற்றி டீப்பாயில் வைத்தார். அவருடைய அம்மா எழுந்து, "துணிமணி கொடுத்து அனுப்பறனுங்க. நான் ஊட்டுக்குப் போயி தகவல்..." என்று ஆரம்பித்து, யாரோடு கலந்து பேசுவது என்று யோசித்து, மீதியைச் சொல்லாமலே காரில் ஏறிப் போனார்.

நாச்சிமுத்து மாமாவாலும் போக முடியவில்லை. சூடான டம்ளரை டீப்பாயில் அப்படியே வைத்திருந்தார். வார்னிஷில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. வட்டக் கறை விட்டவர்கள் உட்காரமாட்டார்கள், வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். மாமா கிணற்றடி வழியாகப் போய்த் துளசி மாடம் வழியாக வந்துகொண்டிருந்தார். அம்மா வட்டத்தின்மேல் பருத்தித் துணியை மடித்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டியை மெதுவாகச் சூடாக்கி ஒற்றி ஒற்றி எடுத்தார். மரத்துக்குள் போன ஈரம் வெளியே வந்துவிட்டது. வட்டம் மறைந்த நேரத்தில் மாமா கிணற்றடியில் இருந்தார். அங்கிருந்தே நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அம்மா சலவைத்தூளும் பிரஷுமாகச் சோபாவுக்கு வந்தார்.

"தேய்க்காதம்மா," என்றேன். "பச்சைத் தண்ணில ஒத்தி எடுக்கணும். தேய்ச்சா பரவும்."

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து தேய்ச்சுட்டு இருக்கறன். எனக்குச் சொல்லித்தர வந்துட்டா."

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன் என்பதை எங்கள் வீட்டில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அம்மா அழுத்தித் தேய்த்தார். கறை சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியது. மத்தியானம் தரணிதரனின் அக்கா சாந்தாமணி ஒரு பையோடு வந்து இறங்கினார். கை கழுவினார், ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். அவராலும் போக முடியவில்லை.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாயங்காலம் வெந்நீர் ஊற்றித் தேய்த்தார். பால் கலந்த கறையில் வெந்நீர் ஊற்றினால் அது துணியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கறை சோபாவின் கைப்பிடி வரைக்கும் போனது. விளக்கு வைக்கும் நேரத்தில் சாந்தாமணியின் மாமியார் ஆட்டோவில் வந்தார். நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை. உட்கார்ந்து, அவரைக்காய் இருந்தால் கொடுங்கள், நார் எடுக்கிறேன் என்றார்.

அதற்குமேல் அம்மா தேய்க்கவில்லை.

நாங்கள் ஆறு பேரானோம். சாந்தாமணிக்கு என்னைப் பிடிக்கவில்லை. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்," என்று நான் ஊற்றிய சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டே என்னிடமே சொன்னார். "கொழம்புல உப்பு கம்மின்னு சொல்லாம இருக்கறீங்களே, அதுவரைக்கும் சந்தோசங்க," என்றேன். சோபாவின் அந்தக் கோடியில் இருந்த தரணிதரன் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். இந்த முறை சிந்தவில்லை.

எடைமேடை பூட்டிக் கிடந்ததால் லாரிகள் எங்கள் தெருவுக்கே வர ஆரம்பித்தன. டிரைவர் ஹாரன் அடித்தால் தரணிதரன் ஜன்னல் வழியாக டயரைப் பார்ப்பார். "பதினோரு டன். பின்னாடி ஒரு மூட்டை நனைஞ்சிருக்குது, பாருங்க," என்பார். டிரைவர் தலையாட்டிவிட்டுப் போவார். லாரி வராத நேரத்தில் எங்கள் வீட்டுப் பொருட்களைக் கையில் வாங்கிப் பார்ப்பார். தேங்காய், அப்பாவின் கண்ணாடிக் கூடு, நான் திருத்துகிற விடைத்தாள் கட்டு. "இதுல யாரோ நெம்ப எழுதீருக்காங்க," என்று ஒரு தாளை உருவிக் கொடுத்தார். சரிதான், அந்தப் பெண்தான் வகுப்பில் முதல். யாரும் என் விடைத்தாளை இதுவரை கையில் தூக்கிப் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இதற்கிடையில் அப்பாவின் ஆபீசிலிருந்து யாரோ வருவதாகச் சொன்னார்கள். அப்பாவுக்குச் சங்கடமாகிவிட்டது. சோபா மெத்தையைத் திருப்பிப் போட்டார். கறை அடிப்பக்கம் போனது. மூன்று பேரும் அடிப்பக்கம் போனார்கள். வந்தவர் மேலே உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார். "இது ரொம்ப வசதியா இருக்கே," என்று அப்பா அப்படியே விட்டுவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் தட்டுகளைச் சோபாவுக்கு அடியில் தள்ளினோம். தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. அவரைக்காய் நார் தனியாக வந்தது.

லாரிகள் வந்தால் அடியிலிருந்து, "டயர் தெரியலீங்க, சத்தத்தை வச்சுச் சொல்றன்," என்று குரல் வரும். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிரிக்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க முடியவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் மெத்தையைத் திருப்பிப் போட்டேன்.

"வெளிச்சமா இருக்குதுங்க," என்றார் தரணிதரன்.

"இவ எதுக்கு இவ்வளவு வேகமாத் திருப்பறா?" என்றார் சாந்தாமணி.

கறையை எடுப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. தேவையான வினிகரைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கும் கடையில் வாங்கிவந்தும் ஆகிவிட்டது. வாங்கிவந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கேட்டால் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அவசரப்படவில்லை. "இருந்துட்டுப் போகட்டும் அம்மிணி," என்றார் சமையலறையில். "கல்யாணம் பண்ணாமயே மாப்பிள்ளை ஊட்டோட இருக்கறது யாருக்குக் கெடைக்கும்? எதிர்வீட்ல பாரு, சோடாக்காரரை வச்சுட்டு எவ்வளவு நிம்மதியா இருக்காங்க."

ஆனால் கறையால் உட்கார்ந்திருப்பவர் வேறு, பிரியப்பட்டு உட்கார்ந்திருப்பவர் வேறு. இந்த இரண்டும் சந்தன நிறச் சோபாவில் ஒரே மாதிரிதான் தெரியும். எனக்கு எது என்று தெரிய வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாந்தாமணி குளிக்கப் போன நேரம் பார்த்துக் கேட்டுவிட்டேன். அவருடைய மாமியார் அங்கேதான் இருந்தார். ஆனால் அவர் அவரைக்காயைத் தவிர எதையும் கவனிப்பதில்லை.

"உங்களுக்கு என்னைப் புடிச்சிருக்குதுங்களா?"

தரணிதரன் கேட் பக்கம் பார்த்தார். "அதை இங்கிருந்து சொல்லக்கூடாதுங்களே. ஊட்டுக்குப் போயித்தானுங்க சொல்லணும்," என்றார்.

"போக முடியாதுங்களே."

"அதானுங்க," என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

நான் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த வினிகரை எடுத்துவந்தேன்.

பச்சைத் தண்ணீரில் ஒரு மூடி வினிகரும் சில சொட்டு ஷாம்பூவும் கலந்தேன். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துக்கொண்டேன். சாயத் துணி என்றால் அதன் சாயமும் இறங்கிவிடும். வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே போக வேண்டும். ஈரத்தை வைக்க வேண்டும், உலர்ந்த துணியால் அழுத்தி எடுக்க வேண்டும். தேய்க்கவே கூடாது. அம்மா நிலைப்படியில் நின்று, "எடுக்காதடி, எடுக்காத," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் கைப்பிடியோரம் வெளுத்தது. சாந்தாமணியின் மாமியார் கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "நல்ல ஊடு, யாரு ஊடுன்னுதான் தெரியல," என்று சொல்லிக் கிளம்பினார். தட்டகலக் கறை உள்ளங்கை அகலமானபோது சாந்தாமணி ஈரத் தலையோடு பையை எடுத்தார். படியிறங்கும்போது திரும்பி, "உப்பு கம்மிதான்," என்றார்.

உள்ளங்கை ரூபாய் அளவானது. ரூபாய் புளியங்கொட்டை அளவானது. தரணிதரன் எழுந்து நின்றார். கேட் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். மறுபடி ஒரு ஒற்று. மறுபடி போனார், வந்தார். அரிசியளவு பாக்கி இருந்தது. அதை அப்படியே விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அரிசியளவு கறைக்கு ஒருவர் தினமும் சாயங்காலம் மட்டும் வந்து போவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது மோசமான ஏற்பாடில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு அதையும் ஒற்றி எடுத்தேன்.

அவர் டீப்பாயிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "போயித் தகவல் சொல்றனுங்க," என்றார். கேட்டருகே ஒரு நிமிஷம் நின்றார். நான் மெத்தையைத் திரும்பவும் பார்த்தேன். கறை எதுவும் இல்லை. பிறகு அவர் போய்விட்டார்.

தகவல் வரவில்லை.

போன் அடித்தால் அம்மா ஈரக் கையோடு ஓடினார். லாரிகள் தெருவுக்கு வருவது நின்றது. எடைமேடை திறந்திருக்கிறது என்று பால்காரர் சொன்னார். அப்பா பீரோமேலிருந்து பிளாஸ்டிக் உறையை இறக்கிச் சோபாவுக்குப் போட்டு நான்கு மூலையிலும் இழுத்துவிட்டார். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி," என்றார் அம்மா. "நான் அன்னிக்கே சொன்னன். அரிசியளவாவது விட்டிருக்கலாம்." வீட்டில் எவ்வளவு பொருள் இருக்கிறது, ஒன்றையும் யாரும் கையில் தூக்கிப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. வகுப்பில் உப்புகள் பாடம் எடுக்கும்போது அழுகை வந்துவிட்டது. போர்டு பக்கம் திரும்பி நின்று சமன்பாடு எழுதினேன். அது சமன்படவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

இடைப்பருவத் தேர்வு முடிந்த சனிக்கிழமை, சோபாவின் ஜன்னல் பக்கத்துக் கோடியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெளிர் நீலக் காட்டன் சேலை கட்டியிருந்தேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டது. தரணிதரன் ஒரு ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தார்.

"வாங்க தம்பி," என்றார் அம்மா. "தகவல் சொல்ல வந்தீங்களா?"

"ஊட்ல இன்னும் கலந்து பேசீட்டு இருக்காங்க. அக்கா ஒண்ணு சொல்றாங்க, அம்மா ஒண்ணு சொல்றாங்க, மாமா ஊட்டைச் சுத்தறதை இன்னும் நிறுத்தல. அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள நான் காப்பி போட்டுக் கொண்டாந்துட்டனுங்க."

பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். உறை சரசரத்தது. ஃபிளாஸ்க் மூடியில் காபியை ஊற்றி, முறைப்படி ஒரு வாய் குடித்தார். மீதியைச் சோபாவில் கொட்டினார்.

பிளாஸ்டிக்கில் கறை பிடிக்காது. காபி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கோடாக நகர ஆரம்பித்தது. சோபா எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியும். நான் விடைத்தாள்களைத் தூக்கிக்கொண்டேன். முழங்காலை நகர்த்தவில்லை. காபி சோபாவின் நீளம் முழுக்க வந்து என் சேலையில் இறங்கியது. கதகதப்பாக இருந்தது.

"சர்க்கரை போட்டதுங்களா தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"மூணு ஸ்பூனுங்க."

தரணிதரன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். டீப்பாயில் வைக்கப்போனவர் நிறுத்தி, என் கையில் கொடுத்தார். கறை இந்த முறை வீட்டில் விழவில்லை.

"திங்கக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குங்க," என்றேன்.

"நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறனுங்க."

பச்சைத் தண்ணீரில் உடனே ஒற்றினால் காட்டனில் ஒன்றும் நிற்காது. சமையலறைக் குழாய் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அம்மா வேட்டித் துணியைத் தேடவில்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய், கறை சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை ஐந்தில் வைத்தார்.